பேய்ச்சாலையில் ஒரு மிதிவண்டி

நெடுந்தூரம் மிதிவண்டியில் செல்வோரிடம் வாய்விட்டுச் சொல்லப்படாத நோன்பு ஒன்று உண்டு. புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம்வரை முழுத் தொலைவையும் மிதித்தே கடக்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பது அந்நோன்புக்கு ஊறு. மேட்டில் மூச்சு முட்டினாலும், எதிர்க்காற்று முகத்தில் அறைந்தாலும், நடையினும் மெதுவாக வண்டி ஊர்ந்தாலும் கால் தரையில் படக்கூடாது. இதை யாரும் விதியாக வகுத்ததில்லை. பந்தயம் இல்லை; பரிசு இல்லை; பார்ப்பவரும் இல்லை. ஆயினும் ஆயிரம் கிலோமீட்டர் கடந்துவந்த ஒருவர் இந்நோன்பை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்நோன்பைத் தயக்கமின்றிக் கலைத்துவிடும் பாதை ஒன்று நியூசிலாந்து நாட்டில் இருக்கிறது. அந்நாட்டின் தென்தீவில், மேற்குக் கடற்கரையை ஒட்டிய மலைக்காட்டுக்குள், லயல் என்னும் இடத்தில் தொடங்கிச் செடன்வில் என்னும் சிற்றூர்வரை 85 கிலோமீட்டர் நீளும் ஒற்றையடிப்பாதை அது. பெயர் ஓல்ட் கோஸ்ட் ரோடு. தமிழில் பழைய பேய்ச்சாலை எனலாம். தார்ச்சாலையில் ஒரே நாளில் மிதித்துவிடக்கூடிய தொலைவுதான். இங்கோ மிதிவண்டியில் வருவோருள் பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு நாள் எடுத்துக்கொள்கின்றனர். நியூசிலாந்தில் மலைமிதிவண்டிப் பாதைகளின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டுக் குறிப்பது வழக்கம். இப்பாதைக்கு நான்கு, சில பகுதிகளுக்கு ஐந்து. வழியில் ஊர் இல்லை; கடை இல்லை; கைப்பேசிக்கு அலைவரிசையும் இல்லை.

பேய்ச்சாலை என்றதும் வெள்ளைச் சேலையும் நள்ளிரவுச் சலங்கையும் நினைவுக்கு வரலாம். இங்கே பேய் என்பது முடிக்கப்படாமல் போன ஒரு சாலையைத்தான். 1862 ஆம் ஆண்டில் லயல் ஓடையில் மாவோரி மக்கள் பொன் கண்டெடுத்தனர். செய்தி பரவியது. கடல் கடந்து பலர் வந்தனர். ஓடை மணலை அரித்தும், பின்னர் மலையைக் குடைந்தும் பொன் தேடினர். காட்டு நடுவே ஓர் ஊர் எழுந்தது. மலைத்தொடரின் மறுபுறம் மோகிஹினுயி ஆற்றின் கரையிலும் பொன் கிடைத்தது. இரு பள்ளத்தாக்குகளையும் ஒரு வண்டிச்சாலையால் இணைத்துவிடலாம் என்று அக்காலத்தவர் திட்டமிட்டனர். தெற்கிலிருந்து ஒரு துண்டும் வடக்கிலிருந்து ஒரு துண்டும் வெட்டப்பட்டன. நடுவில் நின்ற முகடுகளை எவராலும் கடக்க இயலவில்லை. பொன் குறைந்தது, மக்கள் கலைந்தனர், இரு துண்டுகளின் மேலும் காடு மூடிக்கொண்டது. ஒன்றையொன்று காணாத அவ்விரு முனைகளும் நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தன.

2007 ஆம் ஆண்டில் அச்சாலையைக் காட்டும் பழைய நிலப்படம் ஒன்று வெளிப்பட்டது. அவ்வட்டாரத்து மக்கள் சிலர் ஓர் அறக்கட்டளையை அமைத்துக்கொண்டு, முன்னோர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினர். தன்னார்வலர் பலர் மண்வெட்டியோடு வந்து நின்றனர். பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தங்கும் குடில்களுக்கான பலகைகளும் தகரங்களும் ஹெலிகாப்டரில் தொங்கியபடி மலையேறின. எட்டு ஆண்டு உழைப்பிற்குப் பின் 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் பாதை திறக்கப்பட்டது. வண்டிச்சாலையாகக் கனவு காணப்பட்டது ஒற்றையடிப்பாதையாக நிறைவேறியது. குதிரைக்கு மாற்றாக மிதிவண்டி வந்தது.

இப்பாதைக்கு வருவோருள் பலர் வாரக்கடைசி விளையாட்டுக்காக வருபவர்கள். மலைக்கென்றே செய்த வண்டி, முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் வில்கள், முதுகில் ஒரு சிறு பை. அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைக்குரியவர் வேறொருவர். நாட்டின் வடகோடியிலுள்ள கேப் ரெயிங்காவில் புறப்பட்டு, இரு தீவுகளையும் கடந்து, தென்கோடியிலுள்ள பிளஃப் துறைமுகம் நோக்கிச் செல்லும் நெடும்பயணி. அவ்வழி ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு வரும் அவருக்கு இம்மலைப்பாதை ஒரு விலகல்தான். ஆற்றோரத்து நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். ஆனாலும் சிலர் திரும்பி மலைக்குள் நுழைகின்றனர். அத்தகைய பெண் பயணி ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். வயது நாற்பதுக்குச் சற்று மேல். தனியே வருகிறார். பிப்ரவரி மாதக் கடைசி. வட இந்தியாவில் குளிர் விடைபெறும் வேளையில் அங்கே கோடை முடிவை நெருங்குகிறது. லயலை அடையும்போது அவர் பாதிப் பயணத்தைக் கடந்துவிட்டார். இதுவரை ஒரு மேட்டிலும் அவர் இறங்கி நடந்ததில்லை.

அவருடைய வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது. அகன்ற சக்கரங்கள், முன்பக்கம் மட்டும் வில். கைப்பிடியில் உருளையாகக் கட்டிய பையில் கூடாரமும் உறக்கப்பையும். சட்டத்தின் முக்கோணத்தில் உணவு. இருக்கையின் பின்னே துணிமணி. சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பெரிய பைகள் இத்தகைய பாதைக்கு ஆகா. ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளமுமாக ஓடும் வழியில் அவை பாறையில் உரசி வண்டியைப் பள்ளத்தின் பக்கம் தள்ளிவிடும். அதனால்தான் சுமையெல்லாம் வண்டியின் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் பொருள்கள், காற்றடிக்கும் குழல், சங்கிலியின் ஊசியைத் தள்ளி எடுக்கும் சிறு கருவி, இரண்டு மாற்றுக் கண்ணிகள், ஒரு சோடி பிரேக் கட்டைகள் ஆகியன உள்ளன. ஆபத்தில் விசையை இழுத்தால் செயற்கைக்கோள் வழியே மீட்புப் படைக்குச் செய்தி அனுப்பும் கருவியும் தோள்வாரில் இருக்கிறது. இல்லாத பொருள் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

லயல் இன்று ஊர் அன்று. விடுதிகளும் கடைகளும் இருந்த மேட்டில் இப்போது புல்வெளியும் முகாமிடமும் மட்டுமே இருக்கின்றன. எஞ்சியிருந்த கடைசி விடுதியும் 1963 இல் எரிந்துபோயிற்று. காட்டுக்குள் சற்றுத் தொலைவு நடந்தால் இடுகாடு வருகிறது. பாசி படர்ந்த கற்களில் பெயர்களும் பிறந்த நாடுகளும் தேய்ந்து கிடக்கின்றன. பிழைப்புத் தேடிப் பெற்றோரின் ஊரைவிட்டு வந்தவர்கள், வந்த ஊரும் மறைந்தபின் மரங்களின் நடுவே உறங்குகின்றனர்.

முதல் 18 கிலோமீட்டரும் ஏற்றம். அதற்குள் 700 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். ஆயினும் இந்த ஏற்றம் மிதிவண்டிக்காரரை வாட்டுவதில்லை. காரணம் குதிரை. சுமை வண்டியை இழுக்கும் குதிரையால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. ஆகவே பழைய சாலைக்காரர்கள் மலையை நேராக ஏறாமல், அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் சிறு சரிவாகவே வழியை வெட்டினர். அந்தக் குதிரைகளின் நன்மைக்காகச் செய்த ஏற்பாடு இன்று மிதிப்போரின் முழங்காலைக் காக்கிறது. பீச் மரங்களின் நிழலில் பாசிபடிந்த அப்பாதை மெல்ல மெல்ல மேலேறுகிறது. ஓரங்களில் சுரங்கக்காலத்து எச்சங்கள் கிடக்கின்றன: துருவேறிய இரும்பு, மண்வெட்டித் தகடு, உடைந்த புட்டி. கல்லை இடித்துப் பொடியாக்கிப் பொன்னைப் பிரிக்க இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்ற இயந்திரம் ஒன்றும் பக்கவழியில் காட்டுக்குள் நிற்கிறது. நிலநடுக்கங்களின் தழும்புகளும் உண்டு. 1929 ஜூன் 17 அன்று மர்ச்சிசன் பகுதியையும், 1968 மே 24 அன்று இனங்காஹுவா பகுதியையும் உலுக்கிய நடுக்கங்கள் இம்மலைச்சரிவுகளை ஆங்காங்கே பெயர்த்தெறிந்தன. அத்தகைய சரிவுகளில் பாதை ஒரு முழ அகலக் கோடாகச் சுருங்குகிறது. அங்கே பயணி இடப்புறமோ வலப்புறமோ பார்ப்பதில்லை. செல்ல வேண்டிய இடத்தையே பார்க்கிறார். கண் போகும் இடத்திற்கே சக்கரமும் போகும் என்பது இவ்வித்தையின் அரிச்சுவடி.

கணவாய்க் குடிலைத் தாண்டியபின் பழைய சாலை முடிந்துவிடுகிறது. இனி வருவது புதிய கைகள் வெட்டிய பாதை. காடு குறுகிக் குட்டையாகிறது. பிறகு மரங்களே இல்லை. பாதையின் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 மீட்டர்தான். சிம்லா 2000 மீட்டருக்கு மேல் இருந்தும் அங்கே தேவதாரு ஓங்கி நிற்கிறது. ஏற்காட்டிலோ காப்பிச்செடியே வளர்கிறது. துருவத்தின் குளிர்க்காற்றுக்கு நெருக்கமான நியூசிலாந்திலோ அந்த உயரத்திலேயே மரம் தோற்றுப் புல்தான் மிஞ்சுகிறது. அப்புல்வெளி திறக்கும் இடத்துக்கு வைத்த பெயர் ஹெவன்ஸ் டோர். வைகுண்ட ஏகாதசியன்று வரிசையில் நின்றோர்க்கு அப்பெயரை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சொர்க்கவாசலைத் தாண்டியதும் பாதை செங்குத்துப் பாறையின் நெற்றியில் செதுக்கப்பட்ட விளிம்பாக ஓடுகிறது. ஒருபுறம் தோள் உரசும் பாறை. மறுபுறம் வெறும் காற்று. எச்சரிக்கைப் பலகையும் உண்டு.

இங்கேதான் நோன்பு முதன்முறையாக அசைகிறது. மிதித்துச் செல்ல முடியாத இடம் அன்று அது. அகலம் போதும், சரிவும் குறைவு. வகுப்பறையின் நடுவே இதே அகலத்தில் ஒரு கோடு கிழித்து மிதிக்கச் சொன்னால் சிறுவர்களும் மிதித்துவிடுவர். கடினம் பாதையில் இல்லை. தவறினால் நேர்வதில் இருக்கிறது. பயணி இரண்டு நொடி நிற்கிறார். மேகம் இல்லை, காற்று சிறிதே. மிதித்தே கடக்கிறார். அவர் செய்தது சரியா என்று கேட்டால், காற்று இன்னும் சற்று வேகமாக வீசியிருந்தால் தவறு என்றே சொல்ல வேண்டும். அத்தகைய இடத்தில் காற்றும் ஓர் ஆசிரியர்.

முப்பதாவது கிலோமீட்டரில் கோஸ்ட் லேக், அதாவது பேய் ஏரி. ஏரி என்ற பெயர் அதற்குச் சற்று மிகை. மலைமேல் கிடக்கும் குளம். அதன் அருகே குன்றின் விளிம்பில் குடில் நிற்கிறது. அன்றிரவு அங்கே தங்கல். குடிலின் முற்றத்தில் நின்றால் மறுநாள் இறங்க வேண்டிய பாதை கீழே சுருண்டு சுருண்டு செல்வது தெரிகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் பேருந்தில் சென்றோர், அவ்வளைவுகளை ஒரு முழ அகலத்துக்குச் சுருக்கி, தார் இல்லாமல், வேரும் கல்லுமாகக் கற்பனை செய்துகொள்ளட்டும். குடிலில் தங்கியிருந்தோர் மாலை வெயிலில் அவ்வளைவுகளைப் பார்த்தபடியே உணவு உண்டனர். பேச்சு குறைவாகவே இருந்தது.

சுமையேற்றிய மிதிவண்டி இறக்கத்தில் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஏற்றத்தில் சுமை தசையைச் சோதிக்கும். இறக்கத்தில் அது அறிவைச் சோதிக்கும். பிரேக் பிடித்தவுடன் எடை முழுவதும் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்பிரேக்கிடமே இருக்கிறது. அதே காரணத்தால் அதைத் திடீரென்று அழுத்தினால் வண்டி நின்றுவிடும். ஆள் கைப்பிடியின் மேலாகப் பறந்துவிடுவார். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டையும் இதமாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் குன்றும். ஆகவே பிடித்தும் விட்டும் இறங்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தொடலாகாது. இரு மிதிகளும் ஒரே மட்டத்தில் நிற்க, உடல் பின்னோக்கித் தாழ, முழங்கையும் முழங்காலும் தளர்ந்திருக்க, கண் அடுத்த வளைவின் வாயைப் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரே வேளையில்! கைப்பிடியில் கட்டிய கூடாரம் வேறு முன்சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

காலையில் பயணி இறங்கத் தொடங்கினார். முதல் நான்கு வளைவுகளைச் சீராகக் கடந்தார். ஐந்தாவதில் முன்பையின் ஓரம் மலைச்சுவரில் மெல்ல உரசியது. உரசல் சிறியதுதான், ஆனால் கைப்பிடி திரும்பிவிட்டது. வண்டி நடை வேகத்திலேயே சாய்ந்தது. நற்பேறாகப் பள்ளத்தின் பக்கம் சாயாமல் மலையின் பக்கம் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. எழுந்து வண்டியை நிமிர்த்தியபோதுதான் பின்சக்கரத்தின் அருகே கியர் மாற்றும் கருவி சங்கிலியில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

வண்டிச் சட்டத்தோடு அக்கருவியை இணைப்பது, காதுமடல் அளவே உள்ள ஓர் அலுமினியத் தகடு. அடிபட்டால் தான் ஒடிந்து, விலையுயர்ந்த சட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே அதை மெலிதாகச் செய்திருக்கின்றனர். மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையை மிதிவண்டியில் அது செய்கிறது. தகடு தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தது. மாற்றுத் தகடு ஒன்று பையில் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. புறப்படும்போது எடையைக் குறைக்கப் பல் துலக்கும் தூரிகையின் காம்பைக்கூட வெட்டிய பயணி, தம் வண்டிக்கென்றே அளவெடுத்த அத்தகட்டை எடுத்துவைக்க மறந்திருந்தார். முன்னே சொன்ன இல்லாத பொருள் இதுதான்.

முன்னால் 50 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. வழியில் இரண்டு பெரிய ஏற்றங்கள். பின்னால் சுமார் 30 கிலோமீட்டர். மேலே குடில்வரை தள்ளிவிட்டால் அதன்பின் பெரும்பகுதி இறக்கம். முடிவில் வாகனங்கள் செல்லும் நெடுஞ்சாலை. கணக்கு திரும்பச் சொன்னது. செருக்கு முன்னே போகச் சொன்னது. தோளில் இருந்த கருவியின் நினைவும் வந்தது. ஆனால் உடைந்தது வண்டி, உடல் அன்று. வேறெங்கோ உயிருக்குப் போராடும் ஒருவருக்குப் போக வேண்டிய ஹெலிகாப்டரை ஓர் அலுமினியத் தகட்டுக்காக அழைப்பது முறையாகாது. பயணி உடனே எதையும் முடிவு செய்யவில்லை. பாதை ஓரத்தில் அமர்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டார். பசியோடு எடுக்கும் முடிவைப் பசி எடுக்கிறது என்பதை நெடுவழி அவருக்கு முன்பே கற்பித்திருந்தது.

உண்டபின் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். உணவு இரண்டு நாளுக்கு இருக்கிறது. வானம் தெளிவு. இரவு எட்டு மணிவரை வெளிச்சம் உண்டு. வழியில் இன்னும் குடில்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில் இன்றிரவுக்கு இடமும் பதிவாகியிருக்கிறது. உடல் நலமாக உள்ளது. முழுத் தொலைவையும் நடந்தாலும் நாளை மாலைக்குள் முடியும். முன்னே செல்வதற்குச் செருக்கு தவிர வேறு காரணங்களும் உண்டு என்று தெரிந்தபின்பே அவர் எழுந்தார். மேகம் திரண்டிருந்தாலோ முழங்காலில் அடிபட்டிருந்தாலோ அதே கணக்கு அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும். பொன் தேடியோர் இம்முகடுகளைப் பார்த்து நின்றுவிட்டதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்வதில்லை.

கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சங்கிலியின் ஊசியைத் தள்ளி அதைக் குறுக்கினார். பின்னாலுள்ள பற்சக்கரங்களில் நடுத்தரமான ஒன்றில் சங்கிலி நேராகவும் ஓரளவு இறுக்கமாகவும் நிற்குமாறு பார்த்து, மாற்றுக் கண்ணியால் இணைத்தார். பல கியர்கள் கொண்ட வண்டி, தாத்தா காலத்து மிதிவண்டியைப் போல ஒற்றைக் கியர் வண்டியாயிற்று. ஒரு குறை: அழுத்தி மிதித்தால் சங்கிலி துள்ளித் தடம் மாறும். சமநிலத்திலும் இறக்கத்திலும் ஓடும், மேட்டில் ஓடாது. அதாவது, இனி எல்லா மேட்டிலும் நடைதான்.

கொண்டையூசி வளைவுகளின் அடியிலிருந்து பாதை மீண்டும் ஒரு முகட்டில் ஏறுகிறது. பயணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். தள்ளுவது மிதிப்பதைவிட எளிது என்று எண்ணுவோர் சுமை வண்டியை மலைப்பாதையில் தள்ளிப் பார்த்ததில்லை. வழியோ ஒற்றையடி, ஆள் நடக்கும் இடத்தை வண்டி எடுத்துக்கொள்கிறது, வண்டி உருளும் இடத்தை ஆள் எடுத்துக்கொள்கிறார். மிதி ஓயாமல் கெண்டைக்காலில் இடிக்கிறது. முதல் அரைமணி நேரம் அவருக்குச் சினமாகவே இருந்தது. பின்னர்ச் சினம் எப்போது போயிற்று என்பதை அவர் கவனிக்கவில்லை. பாறையிடுக்கில் மலர்ந்திருந்த வெள்ளைப் பூக்களையும், எதிர்ச் சரிவில் மேகநிழல் ஊர்வதையும் கவனித்தார்.

முகட்டின் முடிவில் மரப்படிகள். சுமார் 300 படிகள் காட்டுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. இங்கே எத்தகைய வல்லவரும் வண்டியைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவதே வழக்கம். மிதிவண்டிக்கென்று வழி அமைத்தவர்களே, அதன் நட்டநடுவே மிதிவண்டி செல்ல முடியாத படிக்கட்டையும் அமைத்தனர். மலை அதற்குமேல் இடம் தரவில்லை. ஒவ்வொரு படியிலும் பின்பிரேக்கைப் பிடித்து, முன்சக்கரத்தை இறக்கி, தாமும் இறங்கி, மீண்டும் பிடித்து அவர் கீழே வருவதற்குள் கைவிரல்கள் மரத்துப்போயின.

கீழே ஸ்டெர்ன் பள்ளத்தாக்கு. ஓடையும் புல்வெளியும் ஒரு குடிலும். குடில் வாசலில் நடைப்பயணியரான முதியவர் ஒருவரும் அவருடைய மனைவியும் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தனர். தள்ளிக்கொண்டு வரும் வண்டியைப் பார்த்து, வண்டிக்கு இன்று விடுமுறையா என்று கேட்டார் முதியவர். காலையிலிருந்து முதன்முறையாகப் பயணி சிரித்தார். அம்மூதாட்டி ஒரு குவளைத் தேநீரும், முழங்கைக்கு ஒரு கட்டுத்துணியும் தந்தார். அப்போது வேகா என்னும் பறக்காத பறவை ஒன்று புதரிலிருந்து ஓடிவந்து, வண்டியருகே கழற்றிவைத்த கையுறையைக் கவ்விக்கொண்டு மீண்டும் புதருக்குள் ஓடியது. திருட்டில் இதற்குப் பெரும்புகழ் உண்டு. முதியவர் கைத்தடியோடு துரத்திச்சென்று கையுறையை மீட்டு வந்தார்.

அதற்கப்பால் மீண்டும் ஏற்றம். எலும்புக்காடு என்னும் பொருள்படப் பெயரிட்ட பாறைக்குவியல் வழியே பாதை செல்கிறது. வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிறிக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்கில் வழி நெளிகிறது. அருகருகே இரண்டு ஏரிகள். ஒன்றின் பெயர் சியர்ஃபுல், மற்றொன்றின் பெயர் கிரிம். முன்னது மகிழ்ச்சி, பின்னது கடுகடுப்பு. பள்ளத்தாக்கின் பெயரான ஸ்டெர்ன் என்பதற்குக் கண்டிப்பு என்று பொருள். மேலே உள்ள கணவாயின் பெயரோ சாலெம், அதாவது இறுக்கமான முகம். இத்தனை முகபாவங்களையும் ஒரே மலையில் கண்டு பெயரிட்டவர்கள் மழையில் நனைந்த நில அளவையாளர்களாக இருந்திருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. பயணி கடுகடுப்பையும் மகிழ்ச்சியையும் நடந்தே கடந்தார்.

கணவாயின் மறுபுறம் நீண்ட இறக்கம். துள்ளும் சங்கிலிக்கு இங்கே வேலை இல்லை. சிறிது சிறிதாகக் காடு உயர்ந்தது. மலையுச்சியில் தொலைந்த மரங்கள் திரும்பி வந்தன. ரிமு மரங்கள் வானை மறைத்தன. மோகிஹினுயி ஆற்றின் கிளைகள் கூடும் இடத்தைத் தாண்டி, ஆற்றுக்கு மேலே நிற்கும் ஸ்பெசிமன் பாயின்ட் குடிலை அவர் அடைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மணல் ஈக்கள் வரவேற்றன. கொசுவைவிடச் சிறியவை, கொசுவைவிடக் கொடியவை. குடிலின் பதிவேட்டில் பெயர், நாள், அடுத்துச் செல்லுமிடம் ஆகியவற்றை எழுதினார். நடந்து வந்தீரா, மிதித்து வந்தீரா என்னும் கட்டத்தில் பேனா சற்றே நின்றது. இரண்டையும் எழுதினார்.

மூன்றாம் நாள் வழி ஆற்றோரமாகவே செல்கிறது. வடக்கிலிருந்து பொன் தேடி வந்தவர்கள் வெட்டிய பழைய பாதை இது. பாறைச்சுவரைக் குடைந்து அவர்கள் அமைத்த விளிம்பில், இடிந்துபோன இடங்களைத் தொங்குபாலங்கள் இணைக்கின்றன. ஒவ்வொரு பாலத்திலும் பயணி இறங்கினார். வண்டியின் கைப்பிடி கம்பிவலைகளில் சிக்கிவிடும் என்பதால் மட்டும் அன்று, கீழே ஓடும் நீரைப் பார்ப்பதற்காகவும். இந்த ஆற்றில் ஃபியோ எனப்படும் நீலவாத்து வாழ்கிறது. வேகமாக ஓடும் தூய நீரில் மட்டுமே வாழக்கூடிய அரிய பறவை. இப்பள்ளத்தாக்கின் குறுக்கே மின்சாரத்துக்காகப் பேரணை ஒன்று கட்டும் திட்டமும் இருந்தது. கட்டியிருந்தால் வாத்தின் வீடும், பொன் தேடியோரின் பாதையும் நீரில் மூழ்கியிருக்கும். 2012 இல் திட்டம் கைவிடப்பட்டது. 2019 இல் இந்த ஆற்றுப்படுகையின் பெரும்பகுதி கஹுராங்கி தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. நீலவாத்து அன்று கண்ணில் படவில்லை. ஆயினும் பயணி ஒவ்வொரு பாலத்திலும் சற்று நேரம் காத்திருந்தார். ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை.

பிற்பகலில் காடு விலகிச் செடன்வில்லின் மண்சாலை தென்பட்டது. 85 கிலோமீட்டரில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டரை அவர் நடந்திருந்தார். மிதிவண்டிக் கடை இருக்கும் வெஸ்ட்போர்ட் நகரம் இன்னும் சுமார் 50 கிலோமீட்டர். சாலை பெரும்பாலும் சமநிலம். வலப்புறம் டாஸ்மன் கடல். ஒற்றைக் கியரில் கால்கள் வேகமாகச் சுழன்றன; வண்டியோ மெதுவாகவே போயிற்று. கிரானிட்டிக்கு முன்னே ஒரு சிறு மேடு வந்தது. சங்கிலி துள்ளும் ஓசை கேட்டதும் பயணி இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நடந்தார்.